குவ்வாமி

கார்த்திகை மாசத்துல ஒரு வியாழக்கெழம, சந்தை நாளு, காலையில எட்டு அடிச்சு பத்து நிமிசம் இருக்கும், வெட்டுவான்பொத்தை வெலக்குல ஆள ஏத்திட்டு வெள்ளக்குதிர மினி பஸ்ஸு கெளம்பப்போவுது, கண்டக்டர் மாசானம் எப்பவும்போல ஒரு கால படியில வச்சு, ஒரு கால காத்துல ஆட்டிக்கிட்டு, விசில வாயில வச்சு ரெட்ட விசில் ஊதுனான், ஆனா விசில்லேருந்து சத்தம் வரல, வார்த்த வந்துச்சு.

"குவ்வாமி! குவ்வாமி!"

அம்புட்டுத்தான். வேற ஒண்ணுமில்ல. ஆம்பள கொரலா பொம்பள கொரலான்னு பிரிக்க முடியாத ஒரு விசில் கொரலு, ஆனா எழுத்து எழுத்தா, பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸ் எடுக்குத மாதிரி தெளிவா வந்துச்சு. டிரைவர் செய்யது அண்ணாச்சி போட்ட பிரேக்குல, நின்னுட்டு வந்த பதினெட்டு பேரும், சீட்டுல இருந்த இருவத்திரெண்டு பேரும், ஒரு வெள்ளாடும் முன்னால போய் விழுந்தாவ. விழுந்தவுக எந்திரிக்கல. விழுந்த வாக்குலயே கெடந்துகிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காவ. எல்லாருக்கும் நெஞ்சுக்குழியில யாரோ ஈரக் கைய வச்ச மாதிரி இருந்திருக்கு.

விசில் எப்படிப் பேசும்னு ஒருத்தரும் கேக்கல. அந்தப் பக்கத்து ஆளுக அதுக்கெல்லாம் அசர மாட்டாவ. பேசுனா பேசிட்டுப் போவுது, அதுக்கும் ஒரு வாய் இருக்குல்லா. ஆனா என்ன பேசுச்சு? அங்கனதான் எல்லாரும் ஆடிப்போயிட்டாவ. ஏன்னா அந்த வார்த்தைய அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, அர்த்தமும் தெரியாது, ஆனா காதுல விழுந்த மறு நிமிசம் அவங்கவங்க செஞ்ச ஒரு காரியம், மறந்தே போச்சுன்னு நெனச்ச காரியம், கண்ணு முன்னால வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்கிடுச்சு.

கறிக்கட அருளப்பன்தான் மொத ஆளு. ஆறடி ஒசரம், மீச மட்டும் அர கிலோ இருக்கும், அந்தாளு பஸ்ஸுத் தரையில உக்காந்துக்கிட்டு, "எங்கண்ணன் கெணத்து மோட்டார்ல மண்ண அள்ளிப் போட்டது நாந்தான்யா"ன்னு ஓன்னு அழுதான். அவங்க அண்ணன் பின் சீட்டுலதான் இருக்காரு. அவரு எந்திரிச்சு அடிக்கப் போவாருன்னு பாத்தா, அவரும் மொகத்தப் பொத்திக்கிட்டு, "ஒன் நாய்க்கு வெசம் வச்சது நாந்தாம்ல"ங்காரு.

மாசானம் விசில ஒதறுனான். உள்ள கெடந்த சின்ன உருண்டை கடகடன்னு உருண்டுச்சு. சட்டையில தொடச்சு, மறுபடி ஒத்த விசில் ஊதிப் பாத்தான்.

"குவ்வாமி!"

"வே, அத நிப்பாட்டும்வே!"ன்னு வண்டியே அலறுச்சு.

இந்த மாசானம் யாருன்னு சொல்லிட்டு மேல போவோம். ஏன்னா அவன் சாதாரண கண்டக்டர் இல்ல. அந்த ஏழு ஊர்லயும் எத்தன கொரலு உண்டுமோ அத்தனையும் அவன் தொண்டைக்குள்ள வாடகைக்கு இருந்துச்சு. ஒங்க கொரல்ல ஒங்க பொண்டாட்டியையே ஏமாத்திருவான். தாசில்தாரு இருமுனா எப்படி, மந்திரி கொட்டாவி விட்டா எப்படி, சந்தையில கோழி விக்கவ வெல கேட்டதும் காது கேக்காத மாதிரி எப்படி இருப்பா, எல்லாம் வரும். டிக்கெட்டு கிழிச்சிட்டே நாலு பேரு குடும்பச் சண்டைய நாலு கொரல்ல போட்டு, நாலு பேரையும் அவனே சமாதானமும் பண்ணி வப்பான். அவன் சொந்தக் கொரலு எப்படி இருக்கும்னு கேட்டா ஊர்ல யாருக்கும் தெரியாது, அவன் பொண்டாட்டி கனியம்மாவுக்கும் தெரியாது, "தாலி கட்டுன அன்னைக்கே ஐயரு கொரல்லதான் பேசுனாரு"ம்பா.

அதுலயும் ஓட்டக் கமெண்ட்ரின்னு ஒண்ணு உண்டும். அந்த ரூட்டுல அதான் வழக்கம். பஸ்ஸு கெளம்புன பொறவு யாராச்சும் பின்னால ஓடி வந்தாவன்னா, செய்யது அண்ணாச்சி வண்டிய ஆமை வேகத்துல உருட்டுவாரு, மாசானம் பின் படியில தொங்கிக்கிட்டு, ஓடி வாரவுக மாதிரியே ஓடிக் காட்டுவான், வண்டிச் சத்தத்துல அவுக கத்துறது உள்ள கேக்காதுல்லா, வாய் அசையுறது மட்டுந்தான் தெரியும், அந்த வாய்க்கு இவன் கொரலு குடுப்பான். மேலத்தெரு சொர்ணத்தாயி ஓடி வந்தா, "யண்ணே நில்லுங்க, நான் சீலையக் கட்டிட்டு ஓடுதேனா, சீல என்னையக் கட்டிட்டு ஓடுதான்னே தெரியலயே!"ம்பான். வண்டி குலுங்கும். பத்தெட்டு, பதினஞ்செட்டு ஓடவிட்டுட்டு ஒத்த விசில் ஊதுவான், வண்டி நிக்கும், ஓடி வந்தவுக மூச்சு வாங்க ஏறி, "என்னவே, என்னைய என்ன சொன்னீரு?"ன்னு கேட்டுட்டு அவுகளும் சேந்து சிரிப்பாவ. வேணும்னே லேட்டா வந்து ஓடுதவுகளும் உண்டும், தன் பேருல ஒரு கமெண்ட்ரி விழட்டும்னு.

அதுல எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டது ஆடி மாசத்துல அடிச்ச பீடிக்கட்டு ஜோக்கு. அது ஆத்துப்பாலம் வரைக்கும் சிரிப்பு அடங்காத ஜோக்கு. கார்த்திகை வரைக்கும் அதத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டவுக உண்டும்.

இப்பம் என்னாச்சுன்னா, விசில் பேசுன அன்னைக்கே மாசானத்துக்குள்ள குடியிருந்த கொரலெல்லாம் வீட்டக் காலி பண்ணிருச்சு. பாலத்துகிட்ட வரும்போது, பயந்து கெடந்த சனத்தச் சிரிக்க வைப்போம்னு, "அந்தப் பீடிக்கட்டு ஜோக்கச் சொல்லட்டா?"ன்னு கேட்டு வாயத் தொறந்தான். வந்தது ஒரு வறண்ட கொரலு, காஞ்ச பனையோலைய இழுத்துட்டுப் போன மாதிரி. யாருடா இதுன்னு அவனே திரும்பிப் பாத்தான். அவன் கொரலுதான் அது. நாப்பத்தி ரெண்டு வயசுல மொதத் தடவையா அதக் கேக்கான். கேட்டுட்டு, "இதையா வச்சிக்கிட்டு இருந்தேன் இம்புட்டு நாளா"ன்னு சொல்லி வாய மூடிக்கிட்டான்.

வேற விசில் வாங்கிப் பாத்தான். பித்தளையில ஒண்ணு, பிளாஸ்டிக்குல ரெண்டு, விளையாட்டு வாத்தியாருகிட்ட எரவல் ஒண்ணு. எல்லாத்துலயும் குவ்வாமிதான். அதே விசில செய்யது அண்ணாச்சி ஊதுனா நல்ல பிள்ளையா ஃபீங்குது, மாசானம் வாங்கி வாயில வச்சா குவ்வாமிங்குது. மொதலாளி பால்துரை வந்து பாத்தாரு. ஊதச் சொன்னாரு. கேட்டாரு. கார்ல போய் உக்காந்து கண்ணாடிய ஏத்திக்கிட்டு அர மணி நேரம் அழுதாரு, எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. கண்ணத் தொடச்சிட்டு எறங்கி, "தை பொறக்கதுக்குள்ள இதச் சரி பண்ணு, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்"ன்னுட்டுப் போயிட்டாரு.

மாசானத்துக்கு வேலைய விட அவன் கொரலுகதான் பெரிய கவல. அதுக போனதுலேருந்து தலைக்குள்ள காலி வீடு மாதிரி எதிரொலிக்குது. அதவிடப் பெரிய கவல ஒண்ணு இருந்துச்சு. விசில கேட்ட எல்லாருக்கும் படம் ஓடுது. என்ன செஞ்சோம், யாருக்குச் செஞ்சோம்னு கலர்ல ஓடுது. ஊதுதவனுக்கு மட்டும் ஒண்ணும் வரல. நெஞ்சுல கனம் மட்டும் ஏறுது, அம்மிக்கல்ல வச்ச மாதிரி, ஆனா யாருக்கு என்ன செஞ்சோம்னு தெரியல. "எல்லாருக்கும் படம் காட்டுதேன், எனக்கு மட்டும் கரண்டு போன கொட்டகையா இருக்குட்டீ"ன்னு கனியம்மாகிட்ட பொலம்புனான். "அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சா நான் செஞ்சது என்னன்னு தெரிஞ்சிரும். அது தெரிஞ்சா என் கொரலுக திரும்பி வந்துரும்."

"வரலன்னா?"ன்னா கனியம்மா.

"இந்தக் கொரலோட எப்படிட்டீ பொழைக்கது?"

"கெட்டவா போச்சு? இப்பந்தான் வீட்ல ஒரு ஆம்பள இருக்க மாதிரி இருக்கு"ன்னுட்டு அவ சோத்தப் போட்டா.

அர்த்தம் தேடி மொதல்ல போனது சிவதாணு வாத்தியாருகிட்ட. தமிழ் வாத்தியாரு. தலகாணி தண்டிக்கு மூணு அகராதி வச்சிருந்தாரு. மூணையும் பொரட்டிட்டு, மூக்குக்கண்ணாடியக் கழட்டிட்டு, "இல்லையேப்பா"ன்னாரு. "நீ சொல்லுத சங்கதிக்குப் புத்தகத்துல குற்ற உணர்ச்சின்னு போட்டிருக்கு."

"அது பரீட்சையில எழுதுறதுல்லா சார். அதச் சொன்னா யாரும் பஸ்ஸுத் தரையில உக்காந்து அழமாட்டாவளே."

வாத்தியாரு ரெண்டையும் சொல்லிப் பாத்தாரு. குற்ற உணர்ச்சின்னாரு, ஒண்ணும் ஆவல, பக்கத்துல இருந்த மோர எடுத்து ஒரு வாய் குடிச்சாரு. குவ்வாமின்னாரு. டம்ளரக் கீழ வச்சிட்டாரு. "முப்பது வருசத்துக்கு முன்ன ஒரு பயல, பென்சில் திருடுனான்னு சொல்லி வெயில்ல முட்டி போட வச்சேன். பென்சில் எம் பையிலதான் இருந்துச்சு. மத்தியானமே பாத்துட்டேன். சாயங்காலம்தான் அவன எந்திரிக்கச் சொன்னேன்"ன்னாரு. மோரு அப்படியே இருந்துச்சு.

அது மலையாளம்னாவ செல பேரு, செங்கோட்ட தாண்டுனா அங்கன எல்லாரும் இதப் பேசுதாவன்னாவ. மலையாளத்துலேருந்து பலாப்பழம் ஏத்திட்டு வந்த லாரிக்காரன்கிட்ட கேட்டா, "அது தமிழல்லே?"ங்கான். வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன வார்த்தைன்னாவ. பொத்தை மேல உள்ள கொகையில எழுதியிருக்குன்னு நாலு எளவட்டங்க ஏறிப் போயிப் பாத்துட்டு, அங்கன யாரு யார லவ் பண்ணுதான்னுதான் எழுதியிருக்குன்னு எறங்கி வந்தாவ. சாமியாடிகிட்ட கேட்டாவ, அவரு ஆடிக்கிட்டு இருந்தவரு அந்த வார்த்தையக் கேட்டதும் ஆட்டத்த நிப்பாட்டி, திருநீத்துத் தட்டக் கீழ வச்சிட்டு, "போன கொடையில எனக்கு அருள் வரல, சும்மாதான் ஆடுனேன்"னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு.

இப்படிப் பேசிப் பேசி அந்த வார்த்த ஊருக்குள்ள எறங்கிருச்சு. புதுசா வந்த மருமவ மாதிரி மொதல்ல வாசல்ல நின்னுச்சு, பொறவு அடுப்படிக்குப் போச்சு, பொறவு அவ இல்லன்னா வீட்ல ஒண்ணும் நடக்காதுங்க மாதிரி ஆயிருச்சு. மாமியாளுக்கு உப்பில்லாத கஞ்சி குடுத்த மருமவ, "எனக்குக் குவ்வாமியா இருக்கு"ன்னு சொல்லி உப்பு கொண்டுவந்தா. "ஒனக்குக் குவ்வாமியே கெடையாதால?"ன்னு தாய்மாருக பிள்ளையள ஏசுனாவ. பஞ்சாயத்துல கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுறது நின்னுபோச்சு, ரெண்டு கட்சிக்காரனையும் பஸ் ஸ்டாப்புல நிறுத்தி வப்பாவ, வெள்ளக்குதிர வரும், மாசானம் ஒரு ஊது ஊதுவான், தப்பு செஞ்சவன் தானா கைய ஒசத்திருவான், சமயத்துல ரெண்டு பேரும் ஒசத்துவானுவ, பஞ்சாயத்துத் தலைவரும் கூட ஒசத்துவாரு. குவ்வாமி டீ ஸ்டால்னு ஒண்ணு தொறந்தாவ. பாலுல தண்ணி ஊத்த மாட்டோம்னு அதுக்கு அர்த்தமாம்.

வெளியூருலேருந்து வேனு போட்டு வந்தாவ விசில கேக்க. கேட்டு, அழுது, மூக்கச் சிந்தி, பஜ்ஜி தின்னுட்டுப் போனாவ. மொதமொதல்ல ஈரக் கையா நெஞ்சுல பட்டது, மார்கழி பாதியில மயிலெறகால தடவுன மாதிரி சொகமா ஆயிருச்சு பாதிப்பேருக்கு. பால்துரை மொதலாளி பாத்தாரு. சரி பண்ணுன்னு சொன்ன அதே வாயால, "அத ஒண்ணும் பண்ணிராத, அதான் நம்ம வண்டிக்கே ராசி"ன்னாரு. பெயிண்டர வரச்சொல்லி, வண்டி நெத்தியில முருகன் தொணைன்னு இருந்த எடத்துல, செவப்புல, மஞ்சக் கரை கட்டி, கொட்ட எழுத்துல குவ்வாமின்னு எழுதி, மாலையும் போட்டுட்டாரு.

மாசானம் மட்டும் எளச்சிட்டே போனான். ஊருக்கெல்லாம் எறங்குன கனம் பூராவும் அவன் நெஞ்சுல வந்து ஏறிட்ட மாதிரி. படியில தொங்க மாட்டான், உள்ளயே ஒண்டிக்கிட்டு நிப்பான். "வே மாசானம், கொரலு இல்லாட்டியும் போவுது, சும்மாவாச்சும் அந்தப் பீடிக்கட்டு ஜோக்கச் சொல்லும்வே"ன்னு கேட்டா, தலைய மட்டும் ஆட்டுவான்.

எழுத்து காயுறதுக்குள்ள அடுத்த வியாழக்கெழம வந்துச்சு. கள்ளிக்குடியிருப்பு வளவுல, எட்டு பதினஞ்சுக்கு, ஒரு பொம்பள ரோட்டுக்கு நட்ட நடுவுல நிக்கா. கையக் காட்டல, ஒதுங்கல, சும்மா நிக்கா. செய்யது அண்ணாச்சி ஹாரன் அடிச்சாரு. நகரல. வண்டி அவ மூக்குக்கு ஒரு மொழம் தள்ளி நின்னுச்சு.

பீடி சுத்துற பூமயிலு. மாப்பிள்ள கேரளாவுல கல்லொடைக்கப் போயிருக்கான். முன்னெல்லாம் வியாழந்தோறும் சுத்துன பீடியக் கட்டி, போர்வையில பொதிஞ்சு, தோள்ல போட்டு அம்பலத்தூர்ல கடையில குடுக்கதுக்கு இதே வண்டியிலதான் வருவா. ஆடி மாசத்துக்குப் பொறவு ஏறுனதில்ல. நடந்தே போனா. அவளுக்கு இருந்த ஒத்தப் பிள்ள காய்ச்சல்ல செத்துபோச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். எழவு வீட்டுப் பந்தலத் தாண்டும்போது வண்டிக்குள்ள எல்லாரும் "அய்யோ பாவம்"னாவ, மாசானம் கூட தலையில கட்டியிருந்த துண்ட அவுத்துக் கையில பிடிச்சுக்கிட்டான்.

பூமயிலு வண்டி நெத்திய அண்ணாந்து பாத்தா. எழுத்துக்கூட்டிப் படிச்சா. ஒவ்வொரு எழுத்துக்கும் அவ ஒதடு அசையுறது கண்ணாடி வழியா எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு.

"இது யாரு எழுதுனது?"ன்னு கேட்டா.

மாசானம் எறங்கிப் போனான். "மொதலாளி எழுதச் சொன்னாவ தாயி."

"பீடிக்கடையிலயும் இதத்தான் பேசுதாவ. தண்ணிக்குழாயிலயும் இதத்தான் பேசுதாவ. என்ன பேசுதியன்னு கேட்டா சிரிக்காவ. என்ன இது?"

அருளப்பன் சன்னல் வழியாத் தலைய நீட்டி, வெளியூரு வேனுக்குச் சொல்லுத மாதிரி சொன்னான். "ஒனக்குத் தெரியாதா தாயி? அது விசில் சொன்ன வார்த்தல்லா. நாம ஒருத்தருக்கு ஒரு கெடுதல் பண்ணிட்டோம்னு வையி, பொறவு உள்ளுக்குள்ள கெடந்து அறுக்கும் பாரு, அதுக்குப் பேரு அது."

"அது எம் பிள்ள பேரு"ன்னா பூமயிலு.

செய்யது அண்ணாச்சி எஞ்சின அமத்துனாரு. அருளப்பன் நீட்டுன தலைய உள்ள இழுத்துக்கிட்டான்.

"ரெஜிஸ்டர்ல குழல்வாய்மொழின்னு இருக்கு. அவங்கப்பா வச்சது. அம்புட்டு நீளம் அவ வாய்க்கு வராது. பேரு என்னட்டீன்னு கேட்டா, குவ்வாமிம்பா. மூணர வயசு. அந்தப் பேரு எங்க வீட்டு நாலு செவுத்துக்குள்ள இருந்த பேரு. வெளியில நான் அவள ஒரே ஒரு தடவதான் அப்படிக் கூப்பிட்டிருக்கேன். ஆடி மாசம் ரெண்டாவது வியாழன். வெள்ளனயே காய்ச்சல் ஏறி வெட்டி வெட்டி இழுக்குது. கண்ணு மேல போவுது. போர்வையில சுத்தித் தோள்ல போட்டு ஓடியாந்தேன். இந்த வண்டி பைய உருளுது. ஒறங்கிறாதட்டீ, ஒறங்கிறாதட்டீன்னு அவ பேரச் சொல்லிச் சொல்லி ஓடியாந்தேன். குவ்வாமி, குவ்வாமின்னு."

அவ மாசானத்தப் பாத்தா.

"நீரு ரெட்ட விசில் அடிச்சீரு."

அடிச்சான். அன்னைக்கு லேட்டு. ஆத்துப்பாலம் முக்குல இன்னொரு ரூட்டு பஸ்ஸு வந்து சேரும், அது முந்திட்டா சந்தை ஆளு பூரா அதுல ஏறிரும், அதனால பதினஞ்செட்டு ஓட விட்டுட்டு எப்பவும் ஊதுத ஒத்த விசிலுக்குப் பதிலா அன்னைக்கு ஒரு நாள் மட்டும் ரெட்ட விசில் ஊதுனான். அவ வாய் தொறந்ததும், இவன் விசில் ஊதுனதும் ஒரே நேரம். அவ சொன்னது பூராவும் விசிலுக்குள்ள போயிருச்சு. கார்த்திகை வரைக்கும் நாலு மாசமா உள்ள கெடந்துருக்கு.

"பின் கண்ணாடி வழியா பாத்தேன்"ன்னா பூமயிலு. "அம்புட்டுப் பேரும் சிரிச்சிய. நீரு என்னைய மாதிரி ஓடிக் காட்டுனீரு. தோள்ல துண்டப் போட்டுத் தட்டிக் காட்டுனீரு. ஒம்ம வாய் அசைஞ்சுச்சு. அன்னைலேருந்து நெனைக்கேன், நான் என்ன சொன்னதா நீரு சொன்னீருன்னு. அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். சொல்லும்."

"வேண்டாம் தாயி."

"சொல்லும்யா. எங் கொரல்ல சொல்லும்."

மாசானம் வாயத் தொறந்தான். வறண்ட கொரலு வரும்னுதான் அவனும் நெனச்சான். வரல. பூமயிலு கொரலு வந்துச்சு. அச்சு அசலா, மூச்சு வாங்குத எடம் கூட மாறாம, அவ வாயிலேருந்து வர மாதிரியே அவன் வாயிலேருந்து வந்துச்சு.

"யண்ணே, பைய ஓட்டுங்க. பீடிக்கட்ட இப்பந்தான் தாலாட்டி ஒறங்க வச்சுத் தோள்ல போட்டிருக்கேன். முழிச்சிக்கிட்டா அழும்."

பாலம் வரைக்கும் சிரிப்பு அடங்காத ஜோக்கு. நாப்பது பேரும் கேட்டாவ. அதுல முப்பது பேரு அன்னைக்கும் வண்டியில இருந்தவுக. பின்னால ஒரு வெள்ளாடு கத்துச்சு. ஒரு பொம்பள தன் வாயில தானே அடிச்சுக்கிட்டா. செய்யது அண்ணாச்சி ஸ்டியரிங்குல தலைய வச்சிட்டாரு. மாசானத்துக்குக் கொட்டகையில கரண்டு வந்துருச்சு. போர்வை. போர்வைக்கு வெளிய தொங்குன சின்னக் காலு. அதுல கருப்புக் கயிறு. அன்னைக்கே பாத்திருக்கான். பீடிக்கட்டுக்கு எங்கேருந்து காலு வரும்னு அவன் கண்ணு அன்னைக்கே கேட்டிருக்கு, வாய்தான் முந்திக்கிடுச்சு.

பூமயிலு அழல. அந்த வாக்கியத்த ஒதட்டுக்குள்ள ஒரு தடவ சொல்லிப் பாத்தா. பொறவு, "சரி"ன்னா. முன் படியில ஏறுனா. எடம் விட்டு எந்திரிச்சவுக பத்து பேரு. சன்னலோர சீட்டுல உக்காந்தா. மடியில ரெண்டு கையையும் மல்லாத்தி வச்சிக்கிட்டா.

"அம்பலத்தூர் ஆசுத்திரிக்கு விடுங்க"ன்னா.

விசில் யாரும் ஊதல. செய்யது அண்ணாச்சி தானா கெளப்புனாரு. எந்த ஸ்டாப்புலயும் நிக்கல, எறங்க வேண்டியவுக யாரும் எறங்கணும்னு சொல்லல. பாலம் போச்சு. செங்கச்சூள போச்சு. அதத் தாண்டும்போது மட்டும் பூமயிலு மொகத்தத் திருப்பிச் சன்னல் வழியா ஒரு புளியமரத்தப் பாத்தா, அந்த மரத்துல ஒண்ணுமில்ல, அதுக்கு அடியிலயும் ஒண்ணுமில்ல, ஆடி மாசம் பிள்ளையத் தூக்கிட்டு நடந்தவ அதுக்கு மேல நடக்காத எடம் அது. சந்தை போச்சு. ஆசுத்திரி வாசல்ல வண்டி நின்னுச்சு.

அவ எறங்கல. ஆசுத்திரி கேட்டப் பாத்தா. உள்ள ஒரு நர்சு வாளியில தண்ணி கொண்டுபோறத பாத்தா. திரும்பி, பக்கத்துல நின்ன மாசானத்துகிட்ட கேட்டா.

"எத்தன நிமிசம் ஆச்சு?"

அவன் வாட்ச்ச பாத்தான். கெளம்புன நேரத்த அவன் பாத்து வைக்கல. செய்யது அண்ணாச்சிதான் சொன்னாரு. "பதினேழு நிமிசம், தாயி."

"இம்புட்டு நேரந்தானா?"ன்னா.

அவ எறங்கி வந்த வழியிலயே நடக்க ஆரம்பிச்சா. செய்யது அண்ணாச்சி வண்டியத் திருப்புனாரு. அவ முன்னால நடக்கா, வண்டி பின்னால உருளுது, ஆமை வேகத்துல, உள்ள நாப்பது பேரும் எந்திரிச்சு நிக்காவ, சந்தைக்குப் போகல, ஆட்ட விக்கல, உச்சி வெயில் ஏறிருச்சு, அவ ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல.

கள்ளிக்குடியிருப்பு வளவுல நின்னா. மாசானம் எறங்கி ஓடுனான். அவனா ஓடுன ஓட்டம் அது, யார மாதிரியும் இல்ல, கோணல்மாணலா இருந்துச்சு. அவ கைய நீட்டுனா. கழுத்துல தொங்குன விசில அவுத்து அந்தக் கையில வச்சான். "தாயி"ன்னான். அந்தக் காஞ்ச பனையோலக் கொரலு. அதுக்கு மேல என்ன சொல்லணும்னு அவனுக்குத் தெரியல. இருந்த ஒத்த வார்த்தையும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம்னு ஆயிட்டு.

"இனிமே யாரும் எம் பிள்ளைய ஏசதுக்குக் கூப்பிடக் கூடாது"ன்னா. போயிட்டா.

அன்னைக்கே வண்டி நெத்தியச் சொரண்டுனாவ. நகத்தாலயே சொரண்டுனாவ. டீக்கட போர்டையும் கழட்டியாச்சு. வாயிலேருந்து எடுக்கதுதான் கஷ்டமாப் போச்சு. அந்த ஏழு ஊர்லயும் இப்பவும் போய்ப் பாருங்க, பேசிக்கிட்டே இருப்பாவ, "நான் அவனுக்கு அப்படிச் செஞ்சிட்டேன், அதுலேருந்து எனக்கு ஒரே"ம்பாவ, அங்கன நிப்பாட்டிருவாவ, நெஞ்சுக்குழியில கைய வச்சு செத்த நேரம் சும்மா இருப்பாவ, பொறவு மிச்சத்தச் சொல்லுவாவ. அந்த எடத்துக்கு வேற வார்த்த போடத் தோணல ஒருத்தருக்கும்.

வெள்ளக்குதிர இப்பவும் ஓடுது. மாசானந்தான் கண்டக்டர். விசில் கெடையாது, தகரத்துல கையால தட்டுவான். கொரலுக ஒண்ணும் திரும்பி வரல, அவனும் தேடல.

சாயங்காலம் வெளக்கு வைக்க நேரத்துக்கு, கள்ளிக்குடியிருப்புல ஒரு வீட்டுலேருந்து விசில் சத்தம் கேக்கும். வார்த்தையெல்லாம் இல்ல, வெறும் விசிலு. தெருவுல வெளையாடுத பிள்ளையச் சாப்பிடக் கூப்பிடுத மாதிரி, ஒத்த விசிலு. அது எம்புட்டு பைய ஊதுனாலும் சரி, வண்டி பாலத்துல இருந்தாலும், சந்தையில இருந்தாலும், ஓடிக்கிட்டே இருந்தாலும், செய்யது அண்ணாச்சிக்கு காதுல விழுந்துரும். நிப்பாட்டிருவாரு. யாரும் ஏறுறதில்ல. ஏன் நின்னுச்சுன்னு யாரும் கேக்கதுமில்ல.